பூசணம் பூத்த அப்பத்தைப் பார்த்து ஏமாறாதே!



இந்த மாதத் தியானத்துக்கு யோசுவா 9-ம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிபியோன் பக்கத்து ஊர்தான். ஆனால் அந்த ஜனங்கள் தூரதேசத்தார்போல வேஷம் போட்டுக்கொண்டு வந்தார்கள். கிழிந்த துருத்தி, தேய்ந்த செருப்பு, பூசணம் பூத்த அப்பம். இஸ்ரவேலர் அப்பத்தைப் பார்த்தார்கள், நம்பினார்கள். கர்த்தரிடத்தில் மட்டும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. உடன்படிக்கை பண்ணி, ஆணையும் இட்டுவிட்டார்கள். மூன்று நாள் கழித்துத்தான் வேஷம் வெளிப்பட்டது.

தேவபிள்ளையே, அந்த அப்பம் இன்றைக்கு உன் கைப்பேசியில் வருகிறது!

நம்முடைய கோவளத்தில் மீன் விற்கிற ஒரு சகோதரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பது உங்களுக்குத் தெரியும். அரசாங்கத்தின் நிவாரணம் வங்கிக் கணக்கில் ஏறுகிற சமயம். ஒரு போன் வந்துச்சு. "அம்மா, பேங்க்ல இருந்து பேசுறோம். உங்க ஆதார் இணைக்காததால நிவாரணம் நிக்குது. இப்ப ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னா ஏறிடும்" என்றான். பெயர் சரியாகச் சொன்னான், ஊர் சரியாகச் சொன்னான். சகோதரி நம்பரைச் சொன்னார்கள். வலையும் இஞ்சினும் சரிபண்ணச் சேர்த்து வைத்திருந்த பணம் போய்விட்டது.

வெட்கத்தினால் புருஷனிடத்திலும் சொல்லவில்லை. சனிக்கிழமை உபவாச ஜெபத்தில் அழுதுகொண்டிருந்தார்கள். நான் என்ன ஏது என்று கேட்காமல், "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிட்டேன். நாலாம் நாள்தான் விஷயம் தெரிந்தது. புகார் கொடுத்திருக்கிறோம், பணம் இன்னும் திரும்பவில்லை. நான் அன்றைக்கே ஒரு வார்த்தை விசாரித்திருக்க வேண்டும். இதைச் சபையாருக்கு முன்பாக அறிக்கை செய்கிறேன்.

நியாயாதிபதிகள் 16-ல் சிம்சோனைப் பாருங்கள். பெலிஸ்தர் அவனைப் பலத்தினால் பிடிக்கவில்லை. தெலீலாள் தினந்தினம் நச்சரித்தாள். அவன் தன் இரகசியத்தைத் தானே வாய்திறந்து சொன்னான். இன்றைய திருடனும் பூட்டை உடைப்பதில்லை, சாவியை நம்ம வாயாலேயே கேட்கிறான். அவனுடைய ஆயுதங்கள் மூன்று: பயம், ஆசை, அவசரம். "இன்னைக்கே செய்யலேன்னா கணக்கு முடங்கிடும்" என்று ஒருவன் அவசரப்படுத்தினால் அங்கேயே போனை வை.

நன்றாய்க் கவனியுங்கள்:

ஓ.டி.பி. எண்ணை அனுப்புகிறதே வங்கிதான். அனுப்பினவன் அதை உன்னிடத்தில் ஏன் கேட்கப்போகிறான்? கேட்கிறவன் எவனாயிருந்தாலும் திருடன்.

யு.பி.ஐ. இரகசிய எண் பணம் கொடுப்பதற்கு, வாங்குவதற்கு அல்ல. "உனக்குப் பணம் போடுறேன், பின் நம்பர் போடு" என்றால் அது பொய்.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, அரசாங்க உதவி என்று ஏ.பி.கே. என முடிகிற கோப்பு வந்தால் தொடாதே. அது உன் கைப்பேசியையே அவன் கையில் கொடுத்துவிடும்.

போலீஸ் உடையில் வீடியோவில் வந்து, "உன்னை டிஜிட்டல் அரஸ்ட் பண்ணிட்டோம்" என்று மிரட்டுகிறார்கள். அப்படி ஒன்று சட்டத்திலேயே இல்லை என்று பிரதமர் 2024 அக்டோபர் 27-ல் வானொலியில் தேசத்துக்கே சொன்னார். பயப்படாதே.

வாலிபரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. "உன் பேங்க் கணக்கை மட்டும் கொடு, கமிஷன் தர்றேன்" என்று ஒருவன் வருவான். அந்தக் கணக்கு வழியாய்ப் போகிறது ஏதோ ஒரு விதவையின் காசு. போலீஸ் முதலாவது தேடி வருவது உன் வீட்டுக்கு. கர்த்தருக்கு முன்பாகவும் அது திருட்டுக்கு உடந்தை.

ஒருவேளை ஏமாந்துவிட்டால்? வெட்கப்பட்டு உட்காராதே. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் சொன்னால் நடுவிலே நிறுத்த வழியுண்டு. அதோடு உன் வங்கிக்கும் சொல்லு. நாமே இரகசிய எண்ணைக் கொடுத்து வந்த நஷ்டம் நம்மைச் சேரும், ஆனால் வங்கிக்கு அறிவித்த பிறகு வரும் நஷ்டம் வங்கியைச் சேரும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ம் தேதி சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. நம்முடைய தவறே இல்லாமல் வெளியாள் திருடியிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் அறிவித்தவருக்கு நஷ்டமே இல்லை என்றும் அதில் உண்டு. ஆகையால் ஒவ்வொரு மணி நேரமும் விலையேறப்பெற்றது.

"ஐயா, ஜெபம் பண்ணினால் போதாதா?" என்று சிலர் கேட்கிறீர்கள். நெகேமியா 4-ம் அதிகாரத்தை வாசியுங்கள். சத்துருக்கள் கூடி வந்தபோது அவர்கள் ஜெபமும் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். கரையில் படகை ஜெபித்துவிட்டு மட்டுமா விட்டு வருகிறோம்? கயிற்றிலும் கட்டித்தானே வருகிறோம்!

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். வீட்டில் படித்த பிள்ளைகள், பாட்டி தாத்தாவோடு உட்கார்ந்து இதையெல்லாம் நிதானமாய்ச் சொல்லிக் கொடுங்கள். திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்துதான் பெரியவங்க மறைக்கிறாங்க. சந்தேகமான போன் வந்தால் எந்த நேரமானாலும் என்னிடத்தில் வாருங்கள். இந்த முறை விசாரித்துவிட்டுத்தான் ஜெபிப்பேன்.

ஜெபம்: அன்பின் பரலோக பிதாவே, எங்கள் ஜனங்கள் வேர்வை சிந்திச் சேர்த்ததை வேஷக்காரரின் கைக்குத் தப்புவியும். அவசரப்படுகிற வேளையில் நிதானத்தைத் தாரும். இழந்து தவிக்கிற எங்கள் சகோதரியைத் தேற்றும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.