எரிச்சலுக்கு யார் சாட்சி?

இரைப்பையில் இருப்பது உணவுக்குழாய்க்குள் மேலேறி வருவதை எதுக்களித்தல் என்பார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் குனிந்தால் எவருக்கும் அது நேரும். அது எப்போது நோயாகிறது? இதை வரையறுக்க 18 நாடுகளைச் சேர்ந்த 44 வல்லுநர்கள் கூடினார்கள். 2006இல் வெளியான அவர்களுடைய முடிவுக்கு மான்ட்ரியல் வரையறை என்று பெயர். எதுக்களித்தல் 'தொல்லை தரும்' அறிகுறிகளையோ பின்விளைவுகளையோ உண்டாக்கினால் அது நோய் என்கிறது அது. தொல்லையா இல்லையா என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். நோயின் எல்லைக்கோட்டை நோயாளியின் சொல்லில் வைத்தது நேர்மையான செயல். ஆனால் அதனாலேயே, ஒருவரின் வேதனையை இன்னொருவர் எப்படி அறிவது என்ற பழைய தத்துவக் கேள்வி மருத்துவரின் மேசைக்கு வந்துவிட்டது.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், அறிவு வரும் வழிகளை அளவை என்று பெயரிட்டு ஆராய்கிறது. காட்சி, கருதல், உரை என்ற மூன்றே அவற்றில் தலையானவை. காட்சியைப் பகுக்கும்போது, கண் காது முதலிய பொறிகளால் அறிவதை ஒரு வகையாகவும், இன்ப துன்பங்களைத் தன்னுள் அறிவதைத் 'தன்வேதனைக் காட்சி' என்று வேறொரு வகையாகவும் அந்த நூல் வைக்கிறது. இந்தப் பாகுபாடு இங்கே பெரிதும் உதவும். நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு அந்த எரிச்சல் ஊகம் அல்ல, நேர்க்காட்சி. எதிரே இருக்கும் மருத்துவருக்கு அது பிறர் சொல்லக் கேட்ட செய்தி. சித்தாந்தம் உரை என்று ஏற்பது குற்றமற்றவர் வாக்கை, அதாவது ஆகமத்தை. நோயாளியின் சொல் ஆகமம் அல்ல. ஆனாலும் அந்த வேதனைக்கு வேறு நேர்சாட்சி கிடையாது.

கருவிகள் இந்தச் சாட்சியத்தோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. உணவுக்குழாயில் அமிலம் நிற்கும் நேரத்தை ஒரு நாள் முழுக்க அளக்கலாம். 2018இல் வந்த லியோன் உடன்பாட்டின்படி அந்த நேரம் 4 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 6 விழுக்காட்டுக்கு மேலே போனால் நோய். 1,440 நிமிடங்களில் ஏறத்தாழ 58 நிமிடம் வரை ஒன்றுமில்லை, 86 நிமிடத்தைத் தாண்டினால் நோய், இடைப்பட்டது ஐயத்துக்குரியது. ஆனால் அமிலம் இயல்பான அளவில் இருக்க, நெஞ்சு எரிகிறவர்களும் உண்டு. 2016இல் வந்த நான்காம் ரோம் வகைப்பாடு இவர்களுக்கென்றே 'எதுக்களிப்பு மிகையுணர்வு', 'செயல்சார் நெஞ்செரிச்சல்' என்று இரண்டு பெயர்களைத் தருகிறது. மறுபுறம், நீண்டகால அமிலத்தால் உணவுக்குழாயின் உட்பூச்சே மாறிப்போன பாரெட் நிலையில், எரிச்சலே தெரியாதவர்களும் இருக்கிறார்கள். வேதனை உண்டு என்பதற்கு நோயாளியே முழுச் சாட்சி. அது எதனால் என்பதற்கு அவரும் சாட்சி அல்லர். இந்த இரண்டையும் பிரிக்காததுதான் பல குழப்பங்களுக்கு வேர்.

கைக்குழந்தையிடம் இந்தப் பிரச்சினை முற்றிவிடுகிறது. அதற்கு உரையே இல்லை. உணவு பால் மட்டுமே, பெரும்பாலும் படுத்த நிலை, அவ்வப்போது தானே தளரும் சுருக்குத்தசை: இவை சேர்ந்தால் பால் மேலேறத்தான் செய்யும். நான்காம் மாதத்தில் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் கக்குகின்றன. ஒரு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கக்கின பிள்ளை தக்கும் என்ற பழமொழி இந்த அனுபவத்திலிருந்து வந்தது. பச்சையாகவோ இரத்தத்தோடோ வாந்தி வந்தாலும், பீய்ச்சி அடித்தாலும், எடை ஏறாவிட்டாலும் இந்தப் பழமொழி செல்லாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கடினம் எங்கே என்றால், நன்றாக வளரும் குழந்தை பால் குடித்ததும் முதுகை வில்லாக வளைத்து வீறிட்டு அழும்போது. தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்கும் தாய் 'நெஞ்சு எரிகிறது போல' என்று நினைக்கிறாள். இது கருதல். புகையைக் கண்டு நெருப்பை அறிவது போன்றது என்று தோன்றும். ஆனால் நெருப்பில்லாமல் புகையில்லை என்பதுபோல, எரிச்சல் இல்லாமல் அழுகையில்லை என்று சொல்ல முடியுமா? 2009இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. பால் குடித்தபின் அழும் 162 குழந்தைகளில் பாதிப்பேருக்கு அமிலத்தைக் குறைக்கும் லான்சோபிரசோலும், மீதிப்பேருக்கு மருந்தற்ற போலியும் கொடுத்தார்கள். இரு தரப்பிலும் அழுகை குறைந்தவர்கள் சரியாக 54 விழுக்காடு. கடுமையான பக்கவிளைவுகள் மட்டும் மருந்து பெற்றவர்களிடம் கூடுதல்.

இதிலிருந்து குழந்தைக்கு வலியே இல்லை என்று முடிவுகட்டுவது பெரும் பிழை. அந்தப் பிழையை மருத்துவம் ஏற்கெனவே செய்திருக்கிறது. பச்சிளம் குழந்தைகள் வலியை உணரமாட்டார்கள் என்று நம்பி, 1980கள் வரை பல இடங்களில் போதிய வலிநீக்கம் இல்லாமல் அறுவை செய்தார்கள். கன்வல்ஜீத் ஆனந்தும் உடனிருந்தோரும் ஆக்ஸ்ஃபோர்டில் நடத்தி 1987இல் வெளியிட்ட ஆய்வு, அந்த நம்பிக்கையை உடைத்தவற்றுள் முக்கியமானது. அழும் குழந்தைக்கு ஏதோ துன்பம் இருக்கிறது. அமிலம்தான் காரணம் என்ற கருதலே நிற்கவில்லை.

நோய்க்கு இடும் பெயரும் இந்தக் கருதலை உறுதிப்படுத்துகிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே குழந்தையின் நிலையைச் சில பெற்றோருக்கு நோயின் பெயரோடும் சிலருக்குப் பெயரில்லாமலும் விவரித்தார்கள். பெயரைக் கேட்டவர்கள், மருந்து பலன் தராது என்று சொன்ன பிறகும் மருந்தை விரும்பினார்கள். அன்பு எதையாவது செய்யத் துடிக்கிறது. பெயர் அதற்கு ஒரு வழியைக் காட்டிவிடுகிறது.

தேவைப்படும்போது மூக்கு வழியாக மெல்லிய குழாய் செலுத்தி எதுக்களிப்பைப் பதிவுசெய்கிறார்கள். பெரியவர்கள் தமக்கு நெஞ்சு எரியும்போது பதிவுக் கருவியின் பொத்தானை அழுத்துவார்கள். குழந்தைக்காகத் தாய், அழும்போது அழுத்துகிறாள். அதற்கு முந்தைய இரண்டு நிமிடத்துக்குள் எதுக்களித்தல் நிகழ்ந்திருந்தால் இரண்டையும் தொடர்புடையவையாகக் கணக்கிடுவார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக அது ஆகிவிடக் கூடாது என்பதற்காக, தற்செயலாக அமைந்திருக்கும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்குக் குறைந்தால்தான் தொடர்பை ஏற்கிறார்கள்.

2018இல் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டல், மற்றபடி நலமாக உள்ள குழந்தையின் அழுகைக்காக அமிலக் குறைப்பு மருந்து தர வேண்டாம் என்கிறது. தொல்லை நீடித்தால் பால் ஊட்டும் அளவையும் முறையையும் திருத்தி, பிறகு சில வாரம் பசும்பால் புரதத்தைத் தவிர்த்துப் பார்க்கச் சொல்கிறது. சுமார் எட்டு வயதாகும்போது குழந்தை தன் எரிச்சலை நம்பும்படி சொல்லத் தொடங்கும் என்பது வல்லுநர்களின் கணிப்பு. அதுவரை பொத்தான் பெற்றவர் கையில்தான் இருக்கிறது.