பாடசாலை வாயிலும் ஆயுதமும்: ஓர் அறவியல் நோக்கு

ஆயுதந் தாங்கிய ஒருவன் பாடசாலைக்குள் நுழைவானாயின் ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது யாது? இவ்வினாவுக்கு மிக விரிவாக விடை வகுத்துவைத்துள்ள நாடு ஐக்கிய அமெரிக்கா எனலாம். 1999 ஏப்பிரலில் கொலொம்பைன் உயர்நிலைப் பாடசாலையில் அங்குப் பயின்ற மாணவர் இருவர் நிகழ்த்திய கொலைகளின் பின்னர், வகுப்பறைக் கதவைப் பூட்டுதல், விளக்கை அணைத்தல், ஓசையின்றிச் சுவரோரம் ஒதுங்குதல் ஆகியன அந்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம்போற் பயிற்றப்பட்டு வருகின்றன. தப்பி ஓடு, இயலாவிடின் ஒளிந்துகொள், அதுவும் இயலாவிடின் எதிர்த்துப் போராடு என்பது அப்பயிற்சிகளிற் பரவலாக வழங்கும் முறை.

இம்முறையின் அடியில் சொல்லாமற் சொல்லப்படும் ஓர் எடுகோள் உண்டு. நுழைபவன் நெறிதவறிய ஒரு தனியன், சட்டத்துக்குப் புறம்பானவன், சீருடை அணிந்தோர் வந்துசேரும்வரை உயிரைக் காத்துக்கொண்டாற் போதுமானது என்பதே அது. வன்னிப் பெருநிலப்பரப்பின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்வெடுகோள் விந்தையாகவே தோன்றும். இங்கே பாடசாலை வாயிலுக்கு ஆயுதம் வந்த வேளைகளில் அது பெரும்பாலும் சீருடையுடனேயே வந்தது. ஒரே சீருடையுடன் வந்ததெனவுங் கூறமுடியாது.

இரு நிலைமைகளை ஈண்டு நினைவுகூர்தல் தகும். 2006 ஓகத்து 14 ஆம் திகதி காலை, முல்லைத்தீவு மாவட்டத்தின் வள்ளிபுனத்திலுள்ள செஞ்சோலை வளாகத்தின்மீது விமானப்படை குண்டுவீசியது. வதிவிடப் பயிற்சிநெறி ஒன்றுக்கென அங்குக் கூடியிருந்த மாணவியர் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது புலிகளின் பயிற்சி முகாம் என அரசு கூறிற்று. சென்று பார்த்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவினர் படைத்துறைக்குரிய தடயம் எதையுங் கண்டிலர். மற்றையது ஆட்சேர்ப்பு. பாடசாலைக்குச் செல்லும் வழியிலும் கோயில் திருவிழாக்களிலும் பிள்ளைகள் புலிகளாற் கொண்டுசெல்லப்பட்டமையை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னரும் இத்தகைய முறைப்பாடுகளை யுனிசெப் நிறுவனம் ஆயிரக்கணக்கிற் பதிவு செய்தது. ஒன்று வானிலிருந்து வந்தது; மற்றையது நம் மொழி பேசி, நம் உறவுமுறை சொல்லி, படலையைத் திறந்துகொண்டு வந்தது. முன்னதைப் பற்றி உரத்துப் பேசும் நம்மிற் பலர் பின்னதைப் பற்றிப் பேசுகையிற் குரலைத் தாழ்த்துகின்றோம். அறவியல் நோக்கில் அத்தாழ்ச்சிக்கு நியாயம் இல்லை.

போர்க்காலத்து வன்னிப் பாடசாலைகள் ஆயத்தமின்றி இருக்கவில்லை. வளவுக்குள் பதுங்குகுழிகள் வெட்டப்பட்டன. பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கி அவை மூடப்பட்டன. ‘கிபிர்’ விமானத்தின் இரைச்சலுக்கும், மக்கள் ‘வண்டு’ எனப் பெயரிட்ட வேவு விமானத்தின் ரீங்காரத்துக்கும் வேறுபாடு அறியாத பிள்ளை அக்காலத்தில் அங்கு அரிது. குண்டுக்குப் பதுங்குகுழி ஓரளவு விடையாயிற்று. படலையைத் திறந்து வந்தவருக்கோ பதுங்குகுழி விடையாகவில்லை. சில பெற்றோர் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாது மறைத்துவைத்தமை அதனாலேயே. காப்பிடமாகக் கொள்ளப்பட்ட பாடசாலை, பிள்ளை இருக்குமிடத்தை எளிதிற் காட்டிக்கொடுக்கும் இடமாய் மாறிய நிலை அது.

எனவே ஆயத்தம் பற்றிய வினாவை ‘எவ்வாறு ஒளிவது?’ என்று தொடங்குதல் போதாது. ‘பாடசாலைக்குள் ஆயுதத்துடன் நுழையும் உரிமை எவருக்கேனும் உண்டா? இல்லையெனக் கூறும் கடமை யாருடையது?’ என்பதே முதலில் எழவேண்டிய வினா.

2019 ஏப்பிரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் இவ்வினா புதுவடிவிற் பிறந்தது. இரண்டாந் தவணை பிற்போடப்பட்டு, மேல்வகுப்புகள் மே 6 ஆம் திகதி தொடங்கியபோது, நாடெங்கும் பாடசாலைகள் சோதனையிடப்பட்டன; புத்தகப்பைகள் வாயிலிலே திறந்து பார்க்கப்பட்டன; பெற்றோர் முறைவைத்துக் காவல் நின்றனர். கொழும்பிலோ காலியிலோ வாயிலிற் படையினர் நிற்பதைக் கண்ட தாய் ஆறுதலடைந்திருக்கலாம். முல்லைத்தீவில் அதே காட்சியைக் கண்ட தாய்க்குப் பத்தாண்டுகளின் முன்னைய நாட்கள் நினைவுக்கு வந்திருக்கும். ஒரே பாதுகாப்பு ஏற்பாடு ஓரிடத்தில் மருந்தாகவும் மற்றோரிடத்திற் பழைய புண்ணைக் கிளறுவதாகவும் அமைந்தது. ஆயினும் உண்மையான ஆபத்து இருந்ததென்பதை நாம் மறுக்கலாகாது. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் இறந்தோருட் சிறுவர் பலர். சோதனை வேண்டா என்பவர், தம் பிள்ளையின் உயிரை மட்டுமன்றிப் பிறர் பிள்ளையின் உயிரையும் வைத்தே பேசுகின்றார்.

ஆகவே ஆயத்தம் வேண்டும். எத்தகைய ஆயத்தம் என்பதிலேயே நன்மை தீமை தங்கியுள்ளது. வன்னியிலேயே இதற்கு நல்லதொரு முன்மாதிரி உண்டு. கண்ணிவெடி அபாயக் கல்வி பாடசாலைகளிற் புகட்டப்பட்டபோது பிள்ளைக்குக் கூறப்பட்டவை மிகச் சில: தொடாதே, வந்த வழியே திரும்பு, பெரியவரிடம் சொல். வெடியை அகற்றுமாறு பிள்ளையிடம் எவருங் கூறவில்லை. அகற்றும் பொறுப்பு முதியோருடையது. அதற்கெனப் பயின்றோர், முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாக நிலத்தைத் துழாவினர். பிள்ளையின் பங்கும் பெரியவரின் பங்கும் அங்கே தெளிவாகப் பிரிக்கப்பட்டிருந்தன. இதற்கு நேர்மாறானதொரு நிகழ்ச்சியையுங் கூறலாம். அமெரிக்க இந்தியானா மாநிலத்தின் ஆரம்பப் பாடசாலை ஒன்றில் 2019 சனவரியில் நடைபெற்ற பயிற்சியின்போது ஆசிரியைகளை முழந்தாளிடச் செய்து பிளாத்திக்குச் சன்னங்களாற் சுட்டனர். அச்சத்தை உண்டாக்கினாலன்றி ஆயத்தம் உண்டாகாது என்று கருதினர் போலும். போரை உண்மையாகவே கண்ட பிள்ளைகளும் பெற்றோரும் வாழும் ஊரில் அத்தகைய நடிப்பு கொடுமையாகவே முடியும்.

அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதலை அறிவுடைமையாகக் கொண்டவர் வள்ளுவர். அரிசுட்டோட்டிலும் வீரத்தைக் கோழைமைக்கும் கண்மூடித்தனத்துக்கும் இடைப்பட்டதாகவே வைத்தார். நம் இலக்கிய வகுப்புகளிலோ, ஒரே மகனின் தலையில் எண்ணெய் தடவி வேலைக் கையிற் கொடுத்துப் போர்க்களம் அனுப்பிய ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூற்றுத் தாயே பெரிதும் போற்றப்பட்டாள். அப்பாட்டின் கவித்துவத்தை யான் குறைகூறேன். ஆனால் பிள்ளைகள் பிடித்துச் செல்லப்பட்ட காலத்தில் அதனைப் பொருள் விரித்துக் கற்பித்த ஆசிரியர் தம் முன்னிருந்த முகங்களைப் பார்த்தாரா என்று கேட்பது தமிழ் பயில்வோராகிய நமது கடன். ஒளிந்துகொள்ளும் பிள்ளை கோழையன்று. ஒளிந்துகொள்ளுதல் அப்பிள்ளையின் உரிமை.

ஆசிரியரின் கடமை இதனின் வேறானது. 2014 திசம்பர் 16 ஆம் திகதி பெசாவர் இராணுவப் பொதுப் பாடசாலையில் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்; மாணவரைக் காக்க முயன்ற அதிபர் தாகிரா காசியும் மாண்டார். அவரை நாம் வணங்கலாம். அவர் செய்ததை ஓர் ஆசிரியரின் பணிநியதியாக எழுதிவைக்க எவருக்கும் உரிமையில்லை. அதன்பின் அம்மாகாண அரசு ஆசிரியர் துப்பாக்கி வைத்திருக்க அனுமதித்தது. கரும்பலகையின் முன் துப்பாக்கியுடன் நிற்பவர் பிள்ளைக்குக் கற்பிப்பது கணிதமாயினும், பிள்ளை கற்பது வேறொன்றாகும். பிரித்தானியாவோ 1996 இல் டன்பிளேன் பாடசாலையிற் பதினாறு குழந்தைகளும் அவர்தம் ஆசிரியையும் கொல்லப்பட்டதன் பின், அடுத்த ஆண்டே கைத்துப்பாக்கிகளைத் தனியார் வைத்திருப்பதைத் தடைசெய்தது. சுமை அங்கே பிள்ளையின் தோளிலிருந்து சட்டத்தின் தோளுக்கு மாற்றப்பட்டது.

வன்னியில் அச்சுமையை ஏற்கவேண்டிய கை எது என்பது இன்னும் சிக்கலானது. போர் முடிந்தபின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் முன்பள்ளி ஆசிரியைகள் பலர் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஊதியத்திலே அமர்த்தப்பட்டனர். வறுமையில் உழன்ற பெண்கள் அவ்வூதியத்தைப் பெற்றமையைக் குற்றங் கூறுவது எளிது, யான் கூறேன். ஆனால் பாதுகாப்பு அமைச்சின்கீழ் அமைந்த நிறுவனமொன்றிடம் ஊதியம் பெறுபவர், சீருடையினர் வாயிலுக்கு வரும்போது ‘துப்பாக்கியை வெளியே வைத்துவிட்டு வாருங்கள்’ என்று எக்குரலிற் கூறுவார்? மண்மூட்டையாலோ பைச்சோதனையாலோ அக்குரலைக் கொடுக்க இயலாது.

பாடசாலையொன்று தன் பாதுகாப்புத் திட்டத்தை எழுதும்போது அவசர அழைப்புக்குப் பொலிசின் 119 என்னும் எண்ணை முதலில் எழுதும். அது சரியே. அதன்கீழ், வாயிலில் நிற்பவர் அவ்வெண்ணுக்கு உரியவராகவோ அவர்தம் தோழராகவோ இருப்பின் யாரை அழைப்பதென்பதும் எழுதப்படல் வேண்டும்: சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996, வலயக் கல்விப் பணிப்பாளர், அரை மணி நேரத்தில் வந்துசேரக்கூடிய பெற்றோர் ஐவர். இந்த இரண்டாம் வரியை எழுத அதிபர் தயங்குவார். தயங்கும் அதிபருக்கு அருகில் அமர்ந்து அதனை எழுதச்செய்யும் துணிவு ஆசிரியர் சங்கங்களுக்கும் பழைய மாணவர்க்கும் பல்கலைக்கழகத்தாராகிய நமக்கும் உண்டா என்பதே இப்போதைய கேள்வி.