குற்றவாளியா? நோயாளியா?



ரமலான் நெருங்கும்போது நம் சங்கத்தின் நிர்வாகக் குழு கூடி, நோன்புக் கஞ்சி காய்ச்சும் பணிக்கு ஆள் சேர்ப்பது வழக்கம். சென்ற ஆண்டு அவ்வாறு கூடியிருந்தபோது, ஒரு வாலிபர் தம் பெயரையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டு வந்தார். போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்திலிருந்து வெளிவந்து ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. நம்மில் பலருக்கும் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை. அரிசி களைவதோ, அண்டாவைக் கிண்டுவதோ, எந்த வேலையானாலும் சரி என்றார். "மாலை நேரத்தில் சும்மா இருக்கப் பயமாக இருக்கிறது" என்றும் சொன்னார்.

அவர் வெளியே சென்றதும் விவாதம் எழுந்தது. பெரியவர் ஒருவர், "அவன் கையால் காய்ச்சிய கஞ்சியிலா நாம் நோன்பு திறப்பது?" என்றார். இளைஞர் ஒருவர், "அது நோய், காக்கா! சர்க்கரை வியாதிக்காரரை இப்படிச் சொல்வோமா?" என்று மறுத்தார். கடைசியில் தலைமை வகித்தவர் என்னைப் பார்த்து, "அவன் குற்றவாளியா, நோயாளியா? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். அதற்குத் தக்கபடி செய்துவிடுவோம்" என்றார்.

அன்று எனக்கு விடை வரவில்லை. ஒரு வாரம் வைத்துப் பார்ப்போம் என்று மட்டும் முடிவாயிற்று. ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதைப்பற்றிப் படித்ததையும் சிந்தித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சாட்சிக்கு அழைப்போம். 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனி சிங்கப்பூரில் காலூன்றியது. மறு ஆண்டே, 1820இல், இங்கு அதிகாரம் செலுத்திய ஃபர்குவார், அபின் விற்கும் உரிமையை ஏலத்தில் விட்டார். சாராயமும் சூதாட்டமும் அதனோடு ஏலம் போயின. அபின் குத்தகை ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் நடந்தது. பல ஆண்டுகளில் நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அபினிலிருந்தே வந்தது. 1910இல் குத்தகை போய், அரசாங்கமே சண்டு தயாரித்து விற்கத் தொடங்கியது. பாசிர் பாஞ்சாங்கில் அந்தத் தொழிற்சாலையை ஒட்டிய குன்று இன்றும் புக்கிட் சண்டு என்றே அழைக்கப்படுகிறது.

அதை வாங்கிப் புகைத்தவர் யார்? பெரும்பாலும் ரிக்ஷா இழுத்தவர், மூட்டை சுமந்தவர், சுரங்கத்தில் மண் வெட்டியவர். பகலெல்லாம் உழைத்து நொந்த உடம்புக்கு அதுவே மருந்து, அதுவே நஞ்சு. அரசாங்கம் ஒரு கையால் சண்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில்தான், 1933இல், டாக்டர் சென் சு லானும் அவருடைய தோழர்களும் அபின் பழக்கத்தை நீக்க ஒரு மருத்துவ நிலையம் தொடங்கினார்கள்.

நம் தமிழ் மக்களின் கதை என்ன? மலாயாத் தோட்டங்களில் அவர்களுக்குக் கள்ளுக்கடை இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வு கேட்டதோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். இதைச் சற்றே சிந்தியுங்கள். அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் அனைவரும் குடிக்காதவர்களாக இருந்திருக்க முடியுமா? மாலையில் கடைக்குப் போகாமல் இருக்க முடியாத ஒருவன், காலையில் அந்தக் கடையை மூடு என்று முழங்க முடியும். அது பாசாங்கு ஆகாது. அவனுக்குள் இரண்டு விருப்பங்கள் இருக்கின்றன. ஒன்று குடிக்க விரும்புகிறது. மற்றொன்று, குடிக்க விரும்பாத மனிதனாக வாழ விரும்புகிறது. இந்த இரண்டாவது விருப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

நிற்க. 1946இல் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அபின் புகைப்பது தடை செய்யப்பட்டது. போருக்கு முன் அரசாங்கத்துக்கு வருமானம் தந்தவன், போருக்குப் பின் அதே செயலுக்காகக் குற்றவாளி ஆனான். 1955இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் அபின் அடிமைகளுக்குச் சிகிச்சை நிலையம் திறந்தபோது, அவனே நோயாளியாகவும் ஆனான். 1970களில் ஹெராயின் வந்து இளைஞரைப் பிடித்தது. சிங்கப்பூர் 1973இல் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தை இயற்றி, 1975இல் 15 கிராமுக்கு மேற்பட்ட ஹெராயினைக் கடத்துவோருக்கு மரண தண்டனை விதித்தது. 1977இல் ஃபெரட் நடவடிக்கையின்போது ஆயிரக்கணக்கானோர் பிடிக்கப்பட்டு மறுவாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். மலேசியா 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தைப் பலமுறை கடுமையாக்கியது; பின்பு 2023இல் கட்டாய மரண தண்டனையை நீக்கி, தண்டனையை நீதிபதியின் முடிவுக்கு விட்டது.

ஆகவே, சட்டம் கடையைத் திறக்கும், மூடும். மூடுவது பெரும் நன்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு மனிதன் உள்ளத்தால் எப்படிப்பட்டவன் என்பதைச் சட்டப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டித் தெரிந்துகொள்ள இயலாது. ஒரே குழாய், ஒரே புகை, ஒரே மனிதன். அவனுக்கு மட்டும் 3 பெயர்கள்!

இனி மருத்துவத்தைக் கேட்போம். வலியைத் தணிக்க நம் உடலே அபினை ஒத்த சில பொருள்களைச் சுரக்கிறது. அவை சென்று பொருந்தும் ஏற்பிகள் மூளையில் உள்ளன என்பதை 1973இலும், அந்தப் பொருள்களையே 1975இலும் விஞ்ஞானிகள் கண்டார்கள். அபினும் மார்பினும் ஹெராயினும் அதே பூட்டில் நுழையும் கள்ளச் சாவிகள். உணவு, நட்பு, குழந்தையின் சிரிப்பு ஆகிய நல்லவற்றைக் கண்டு, "இது வேண்டும், மீண்டும் நாடு" என்று மூளைக்கு உணர்த்தும் டோபமின் என்னும் பொருளும் உண்டு. போதைப்பொருள் அதை வெள்ளமாகப் பாய்ச்சுகிறது. 'ஐஸ்' என்றும் சியாபு என்றும் சொல்லப்படும் மெத்தம்பெட்டமின் இதில் மிகக் கொடியது.

மூளை ஒரு கணக்குப்பிள்ளையைப் போன்றது. வெளியிலிருந்து வரவு அளவுக்கு மிஞ்சினால், உள்ளே வரவைக் குறைத்துக் கணக்கை நேர் செய்கிறது. அதனால் பழைய அளவு போதாமற் போகிறது. கொடுப்பதை நிறுத்தினாலோ கணக்கு ஒரேயடியாகப் பற்றில் விழுகிறது. ஹெராயினை விட்டவனுக்கு உடம்பெல்லாம் வலி, வயிற்றுப்போக்கு, மயிர்க்கூச்செறிவு, தூக்கமின்மை. இரண்டு மூன்று நாள்களில் இவை உச்சமடைந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் தணியும். ஆனால் அத்துடன் விடுதலை கிடைத்துவிட்டது என்று எண்ணுவது தவறு. பழைய தெரு, பழைய கூட்டாளி, மாலைப்பொழுது, ஒரு சண்டை, ஒரு தனிமை இவற்றில் ஏதேனும் ஒன்று பல மாதங்கள் கழித்தும் அந்த வேட்கையை எழுப்பிவிடும். நன்மை தீமை ஆராய்ந்து, "வேண்டாம், பொறு" என்று சொல்ல வேண்டிய முன்மூளையின் பிடியோ அப்போது தளர்ந்திருக்கிறது.

ஒரு முக்கியமான செய்தியை வீட்டில் இருப்போர் அறிந்திருக்க வேண்டும். சில மாதங்கள் விட்டிருந்தவனின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. திரும்ப விழுபவன் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்று இறந்துபோகலாம். வெளியே வந்த முதல் வாரங்களே மிக ஆபத்தான வாரங்கள். அவனைத் தனியே விடுவதற்கு உரிய காலம் அதுவன்று.

அப்படியானால் எல்லாம் மூளையின் குற்றம், மனிதன்மீது பொறுப்பே இல்லை என்று சொல்லிவிடலாமா? முடியாது. அமெரிக்கப் போர்வீரரைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி இங்கே நமக்கு உதவும். 1971இல் வியட்நாமில் இருந்த வீரர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஹெராயின் முதலியவற்றுக்கு அடிமைப்பட்டிருந்தார். அவர்கள் ஊர் திரும்பினால் நாடே சீரழியும் என்று பயந்தார்கள். லீ ராபின்ஸ் என்னும் அம்மையார் அவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். முதலாண்டில் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐவர் அளவிலேயே இருந்தனர். மூளை அதே மூளைதான். மாறியது என்ன? இடம் மாறிற்று, கூட்டம் மாறிற்று, காத்திருந்த வீடும் வேலையும் கிடைத்தன. எனவே அடிமைப்பட்டவனின் விருப்பம் செத்துப்போய்விடவில்லை. அது காலூன்ற மண் தேடுகிறது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அடிமைப்படும் இயல்பில் ஏறத்தாழப் பாதி பரம்பரையாக வருவது என்று இரட்டையரை ஆய்ந்தவர்கள் கூறுகிறார்கள். தொட்டவர் எல்லோரும் அடிமையாவதில்லை. "என் நண்பனுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று துணியும் வாலிபன், தன் உடம்பில் எழுதியிருப்பது என்னவென்று அறியாமல் சூதாடுகிறான். அந்த முதல் நாள் துணிவுக்கு அவனே பொறுப்பாளி. அதை மறைத்துப் பேசுவது அவனுக்கு நாம் செய்யும் நன்மை ஆகாது.

நம் மார்க்கம் போதையைத் தடுத்தது ஏன்? மார்க்கம், உயிர், அறிவு, வம்சம், பொருள் ஆகிய ஐந்தையும் காப்பது ஷரீஅத்தின் நோக்கம் என்று இமாம் கஸ்ஸாலி போன்ற பெரியோர் விளக்கினர். அறிவு இருந்தால்தான் ஒருவன்மீது கடமை. அறிவு இருந்தால்தான் தௌபா. போதை அந்த அறிவையே தாக்குகிறது. ஆகவே அடிமைப்பட்டவனைப் பார்த்து, "உன் மன உறுதியால் நீயே எழுந்து வா" என்று மட்டும் சொல்வது, கால் ஒடிந்தவனை ஆஸ்பத்திரிக்கு ஓடி வரச் சொல்வது போலாகும். மதுவின் தடைகூட ஒரே நாளில் இறங்கவில்லை, படிப்படியாகவே வந்தது. மனிதனின் பழக்கம் எத்தகையது என்பதை அறிந்தவன் விதித்த முறை அது.

எவ்வாறு உதவுவது என்பதில் அறிஞரிடையே வேற்றுமை உண்டு. ஜொகூர் பாலத்தின் இரு கரைகளையே பாருங்கள். மலேசியா 2005இல் மருத்துவர் மேற்பார்வையில் மெத்தடோன் கொடுக்கும் முறையைத் தொடங்கியது. 2010இல் கோலாலம்பூரில் அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே அம்மருந்து வழங்கப்பட்டது. சிங்கப்பூரிலோ, சிகிச்சைக்கென வந்த புப்ரினார்பின் என்னும் மருந்தைச் சிலர் கரைத்து ஊசியில் ஏற்றிச் சீரழிந்ததால், 2006இல் அது தடைப்பட்ட பொருள்களுள் சேர்க்கப்பட்டது. ஒரு கரை தீங்கைக் குறைக்கப் பார்க்கிறது; மறு கரை வாசலையே அடைக்கப் பார்க்கிறது. இரு கரையிலும் வாழும் நாம் அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு அடங்கி நடப்போம். ஆனால் நிலையத்தின் கதவு திறந்து அவன் வெளியே வந்தபின், அவனுக்கு வேண்டிய வேலையையும் கூட்டத்தையும் மாலைப்பொழுதையும் எந்தச் சட்டமும் எந்த மருந்தும் கொடுத்துவிட முடியாது. அவை நம்மிடம் இருக்கின்றன.

இப்போது என் விடையைச் சொல்கிறேன். அவன் குற்றவாளியா, நோயாளியா என்று கேட்டது நம் வசதிக்காக. குற்றவாளி என்றால் விரட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். நோயாளி என்றால் டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இரண்டிலும் நம் பங்கு முடிந்துவிடுகிறது! உண்மையில் அவன் இரண்டு விருப்பங்களுக்கிடையே நிற்கும் மனிதன். விற்பவன் முதல் விருப்பத்தின் பக்கம் நிற்கிறான். இரண்டாவது விருப்பத்தின் பக்கம் நிற்பது யார்? "மாலையில் பயமாக இருக்கிறது" என்று ஒருவன் நம்மிடம் வந்து சொன்னால், பேசுவது அந்த இரண்டாவது விருப்பமே. அதைத் திருப்பி அனுப்பினால், அது எங்கே போகும்?

இரக்கம் என்பது கண்ணை மூடிக்கொள்வதாகாது. அவனிடம் உடனே உண்டியல் சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை. பொய் சொன்னால் பொய் என்றே சொல்லலாம். திருடினால் அதற்கு அவன் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அகப்பையை எதற்காக மறுக்க வேண்டும்?

அந்த வாலிபர் ஒரு வாரம் வந்தார். பிறகு நாள்தோறும் வந்தார். பதினேழாம் நோன்பு அன்று மட்டும் வரவில்லை. அஸர் தொழுகை முடிந்ததும், முதல் நாள் மறுத்துப் பேசிய அதே பெரியவர் குடையை எடுத்துக்கொண்டு எங்கோ புறப்பட்டார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நோன்பு திறக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது இருவரும் சேர்ந்து வந்தார்கள். வாலிபரின் கண்கள் சிவந்திருந்தன. பெரியவர் எங்களுக்கு ஒன்றும் விளக்கம் சொல்லவில்லை. தம் கோப்பைக்குப் பக்கத்தில் இன்னொரு கோப்பையை நகர்த்தி வைத்தார்.

அவர் இனி ஒருபோதும் விழமாட்டார் என்று என்னால் உறுதி கூற இயலாது. அதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. அடுத்த ரமலானுக்குப் பெயர் கொடுக்க வேறொருவர் வரக்கூடும். அப்போது அவர் யார் என்று விவாதிக்கும் முன், அவரைத் தேடிக் குடையெடுத்துப் போக நம்மில் யார் தயார் என்பதை முதலில் கேட்டுக்கொள்வோமாக!