கொஞ்சம் பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள்

பிள்ளை பெற்ற வீட்டில் எழுத்து என்பது அதிகப்படியான வேலை என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். "முதல்ல தூங்கும்மா. பிள்ளை வளரட்டும், அப்புறம் எழுதிக்கலாம்" என்று என் அம்மாவும் சொன்னார். அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். தூக்கம் கட்டாயம் வேண்டும். மற்ற பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. வளர்ந்த பிள்ளையைப் பற்றி வளர்ந்தபின் எழுதலாம். இப்போது மடியில் கிடப்பவளைப் பற்றி இப்போது மட்டும்தான் எழுத முடியும்.

பச்சைப் பிள்ளைக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்க வேண்டும். கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, துணி மாற்றித் தூங்கவைப்பதற்குள் அடுத்த வேளை நெருங்கிவிடும். இடையில் கிடைக்கும் துண்டு நேரத்தில்தான் குளியல், சாப்பாடு, துவைக்கும் துணி, வேலையிடத்திலிருந்து வரும் மின்னஞ்சல் எல்லாமே. இதற்குள் எழுத்தை எங்கே நுழைப்பது என்று கேட்பவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். எனக்கு இருப்பது வேறு கேள்வி. இந்த நாள்களை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்?

பிள்ளை வைத்திருக்காது. மூன்று வயதுக்கு முன் நடந்தவை பெரியவர்களான பிறகு ஏறக்குறைய யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. உளவியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் விஷயம் இது. நம்மை யார் தூக்கினார்கள், எதைப் பார்த்து முதலில் சிரித்தோம் என்பதெல்லாம் பிறர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். அந்தப் பிறரும் மறந்துவிடுகிறார்கள். இராத்தூக்கம் தொடர்ந்து கெட்டால் நினைவு பதிவதும் கெடும். நான் எந்த மாதத்தில் குப்புற விழுந்தேன் என்று அம்மாவிடம் கேட்டேன். "நீ சீக்கிரமே விழுந்திட்டே" என்றார். சற்று யோசித்து, "இல்ல, அது அண்ணன்" என்றார். எங்களைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவர் அவர். பாசத்தில் ஒரு குறையும் இல்லை. எழுதிவைக்க அவருக்கு நேரமும் இல்லை, எழுதச் சொல்ல ஆளும் இல்லை.

புகைப்படம் இருக்கிறதே என்பார்கள். எங்கள் வீட்டுக் கைத்தொலைபேசிகளிலும் படம் நிறையவே சேர்ந்திருக்கிறது. ஆனால் படத்தில் முகம் இருக்கும், அதைச் சுற்றி நடந்த பேச்சு இருக்காது. மகள் பிறந்த புதிதில் அம்மா சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குப் பால் சுறா வாங்கப் போனார். பால் சுறாப் புட்டும் பூண்டும் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறவைக்கும் என்பது அவர் நம்பிக்கை. மீன் கடைக்காரர் வயதான சீனர். அம்மா சுறாவைக் காட்டியதுமே தமிழில் "ஆணா, பெண்ணா?" என்று கேட்டிருக்கிறார். பெண் என்றதும் ஒரு துண்டு கூடுதலாகப் போட்டு, "முதல் பொண்ணு நல்லது" என்றாராம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இறங்கிச் சில நாள்களே ஆன அம்மாவுக்கு அது தாளாத சந்தோஷம். இந்த ஊரில் தன் பேத்தியை விசாரித்த முதல் வெளியாள் அவர்தான் என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். இதற்குப் படம் கிடையாது. நான் எழுதிவைத்திருப்பதால் மட்டுமே இது என் மகளிடம் போய்ச் சேரும்.

தேக்காவிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. சிங்கப்பூரர்களில் ஏராளமானோர் அந்தப் பெயரைச் சொல்லாமல் தங்கள் பிறப்பைச் சொல்ல முடியாது. கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை என்று அழைக்கப்பட்ட காலத்தில், 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்குச் சராசரியாக 109. உலகில் ஒரே மகப்பேற்று மருத்துவமனையில் ஓராண்டில் இத்தனை பிறப்பு வேறெங்கும் இல்லை என்று கின்னஸ் புத்தகத்தில் அது பல ஆண்டுகள் இடம்பெற்றிருந்தது. 1997இல் மருத்துவமனை இப்போதைய கட்டடத்துக்கு மாறியது. ஹேம்ப்ஷியர் சாலையில் இருந்த பழைய இடத்தில் இன்று நிலப் போக்குவரத்து ஆணையம் இயங்குகிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்த 39,835தான் நினைவுக்கு வரும். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் ஏராளம் இருந்திருப்பார்கள். அவர்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பெண்கள் முதல் வாரத்தில் எதற்குப் பயந்தார்கள், பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாட்டி என்ன கைவைத்தியம் சொன்னார், கணவர் பிள்ளையைத் தூக்கத் தெரியாமல் எப்படித் திணறினார்? எண்ணிக்கை மட்டும் பதிவில் நிற்கிறது.

2015இல் சிங்கப்பூரின் பொன்விழாவையொட்டி, அதற்கு முந்தைய 50 ஆண்டுகளில் இங்கே வெளிவந்த தமிழ்ப் படைப்பிலக்கிய நூல்களில் ஏறத்தாழ 350ஐ மின்வடிவாக்கி, தேசிய நூலகத்தின் வழி எல்லாரும் படிக்கும்படி செய்தார்கள். தன்னார்வலர்களும் நூலகமும் சேர்ந்து செய்த அரிய பணி அது. கதை, கவிதை, நாடகம் எல்லாம் அங்கே இருக்கின்றன. நூலாக அச்சேறியவை காப்பாற்றப்பட்டுவிட்டன. சமையலறையிலும் தொட்டிலடியிலும் பேசப்பட்டவை ஏட்டுக்கே வரவில்லை என்பதால் அவற்றைக் காப்பாற்ற யாராலும் முடியாது.

பிள்ளையைப் பற்றிக் குறிப்பெடுப்பது சிறுபிள்ளைத்தனமான வேலை என்று எண்ணுகிறவர்களுக்குச் சார்லஸ் டார்வினைச் சொல்வேன். 1839 டிசம்பரில் அவருடைய முதல் மகன் வில்லியம் பிறந்தான். டார்வின் அவனுடைய தும்மல், கோபம், சிரிப்பு, பயம் எல்லாவற்றையும் குறித்துவைத்தார். அந்தக் குறிப்புகள் 37 ஆண்டுகள் அவரிடமே கிடந்தன. 1877இல்தான் 'மைண்ட்' என்ற ஆய்விதழில் கட்டுரையாக வந்தன. குழந்தை வளர்ச்சியைக் கவனித்து எழுதிய முன்னோடிக் கட்டுரைகளில் ஒன்றாக இன்றும் அதைப் படிக்கிறார்கள். எழுதிய உடனே யாருக்கும் காட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். டார்வின் குறிப்பெடுத்த நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் மனைவி எம்மா இருந்தார், வேலையாள்கள் இருந்தார்கள்.

என்னை டார்வினைவிட ஆழமாகத் தொட்டவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். 1901இல் பிறந்து, ஐந்து வயதிலேயே மணம் முடித்துவைக்கப்பட்டவர். பள்ளிக்கூடம் போனதில்லை. எழுதப் பழகாத நிலையில், தன் முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார். பிறகு தானே எழுதப் பழகி, 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களைத் தந்தார். கைக்கு முன்னால் வாய் வந்தது. கை பிள்ளையிடம் மாட்டிக்கொண்டிருக்கும் தாய்க்கு இதைவிடப் பெரிய தெம்பு என்ன வேண்டும்? தமிழில் பேசினால் எழுத்தாக்கித் தரும் வசதி இன்று கைத்தொலைபேசியிலேயே இருக்கிறது. பட்டம்மாளின் வேலையை அது ஓரளவு செய்கிறது. நான் பாதிக் குறிப்புகளைப் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தபடி, அவள் எழுந்துவிடாதபடி மெதுவாகச் சொல்லித்தான் சேர்த்தேன். இடையில் ஆங்கிலம் கலந்தால் கருவி தடுமாறுகிறது. அதனாலேயே தமிழ்ச் சொல்லைத் தேடிச் சொல்லும் பழக்கம் எனக்கு வந்தது.

ஏன் தமிழில் எழுத வேண்டும் என்ற கேள்விக்கும் என் பதில் அந்த வாய்ப்பேச்சிலேயே இருக்கிறது. சிங்கப்பூர்வாசிகளில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு. 2020இல் 2.5 விழுக்காடு. பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள், ஏப்ரலில் தமிழ் மொழி விழா நடக்கிறது, தமிழ் முரசு நாளிதழ் 1935 முதல் வந்துகொண்டிருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் குறைவது வீட்டுத் தமிழ். பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கும்போதும், சளி பிடித்தால் கஷாயம் காய்ச்சும்போதும், மாமியார் மருமகளைக் கண்டிக்கும்போதும் பேசும் தமிழ். பாடப்புத்தகத்தில் அதற்கு இடமில்லை. அதை எழுத இலக்கண சுத்தமும் வேண்டியதில்லை. புதுச்சேரியில் 1736இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, வியாபாரமும் துபாஷி என்ற மொழிபெயர்ப்பாளர் வேலையும் நெருக்கிய காலத்திலும் அன்றாடப் பேச்சை ஒட்டிய தமிழிலேயே எழுதிப்போனார். அந்தக் காலத்துப் புதுவையை அறிய இன்று அவரைத்தான் புரட்டுகிறோம்.

எதை எழுதுவது, எதை வெளியிடுவது என்ற இரண்டையும் பிரித்துவைத்துக்கொள்ள வேண்டும். இதில் எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. பிள்ளையின் நோய், பிள்ளை அழுத காரணம், குளிக்கும் படம் ஆகியவற்றை ஊருக்குக் காட்ட எனக்கு உரிமையில்லை. அவள் நாளை பள்ளிக்குப் போவாள், வேலைக்குப் போவாள். இது சின்ன ஊர். பிரான்சில் 2024 பிப்ரவரியில், பிள்ளைகளின் படங்களை வெளியிடும் விஷயத்தில் பெற்றோர் அவர்களுடைய அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்று தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறார்கள். சட்டம் இல்லாத இடத்திலும் மனசாட்சிக்குத் தெரியும். என் குறிப்பேட்டில் எல்லாம் இருக்கிறது. வெளியே கொடுப்பது என்னைப் பற்றியதை மட்டும்: என் பயம், என் அம்மாவின் பேச்சு, தேக்கா மீன்காரரின் அன்பு. மீதி மகளுடைய சொத்து. விவரம் தெரிந்தபின் அவள் முடிவு செய்யட்டும்.

இனி நேரத்துக்கு வருகிறேன். அதிகாலையில் எழுந்து எழுதலாம், ரயிலில் எழுதலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. இரவில் நாலு தடவை எழுந்தவளை ஐந்தாவது தடவையாக எழச் சொல்வது எனக்கு இரக்கமற்றதாகத் தோன்றுகிறது. சொந்தத் தூக்கத்தை அறுத்து எழுதும் எழுத்து நிலைக்காது. உடம்பும் தாங்காது. பிள்ளை பெற்றவளுக்கு நேரம் தானாக வராது. இன்னொருவர் கொடுத்தால்தான் உண்டு. என் கணவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே நடக்கப் போவார். "அவசரமில்ல, நீ எழுது. அழுதா நான் பார்த்துக்கறேன்" என்பார். நான் எழுதியவற்றில் உருப்படியானவை எல்லாம் அந்த நேரத்தில் எழுதியவை.

சிங்கப்பூர்க் குடிமகனாகப் பிறக்கும் பிள்ளைக்காகத் தாய்க்கு 16 வாரச் சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் தந்தைக்கு நான்கு வாரம் கட்டாயமாகிவிட்டது. அதற்கு மேல் பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு அன்று ஆறு வாரமாகத் தொடங்கியது, 2026 ஏப்ரல் முதல் பத்து வாரம். மூன்றையும் கூட்டினால் 30 வாரம். தந்தைக்கான கட்டாய விடுப்பும் இந்தப் பகிர்வு விடுப்பும், 2023இல் இந்நாட்டின் கருவள விகிதம் 0.97க்கு இறங்கிய கவலைக்கிடையே வந்த ஏற்பாடுகள். எந்தக் கவலையில் வந்தாலும் வரவேற்கிறேன். ஆனால் விடுப்பு எடுத்த அப்பா பிள்ளையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தால் அந்த வாரங்களால் தாய்க்கு ஒரு வரிகூடக் கிடைக்காது. அதே போல, எழுத ஆசைப்படும் அப்பாவுக்கும் அந்த நேரத்தைத் தாய் கொடுக்க வேண்டும். டார்வினைப் போலக் குறிப்பெடுக்கும் தகப்பன்களை நம் வீடுகளில் நான் அதிகம் பார்த்ததில்லை. அவர்களும் எழுதினால் பிள்ளைக்கு இரண்டு சாட்சிகள் கிடைக்கும்.

பிள்ளை பெற்ற வீட்டைப் பார்க்கப் போகும் அத்தைமாரே, சித்திமாரே, நண்பர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சட்டை, பொம்மை, தங்க வளையல் எல்லாம் வேண்டியமட்டும் வந்துவிடும். போனதும் கைகழுவிவிட்டு, "குடும்மா, நான் அரை மணி நேரம் வச்சிருக்கேன்" என்று சொல்லிப் பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அரை மணியில் அவள் தூங்கலாம், தலை சீவிக்கொள்ளலாம், நாலு வரி எழுதலாம். என்ன செய்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.