கோம்பை நாய்க்கு என்ன வேலை?

என் இளைய மகளுக்கு நாய் வேண்டுமாம். லேப்ரடார்தான் வேண்டும் என்கிறாள்; கூடப் படிக்கிற பெண் வீட்டில் இருக்கிறது. தெருவில் திரியும் குட்டிகளில் ஒன்றை எடுத்து வளர்த்தால் ஆகாதா என்கிறாள் என் மனைவி. எனக்கு ஆசை கோம்பை நாய்மேல். உத்தமபாளையத்தில் குடியிருந்துகொண்டு, பஸ் ஏறினால் அரைமணி நேரத்தில் போய்விடும் ஊரின் பெயரைச் சுமக்கிற நாயை விட்டுவிட்டு வேறெதையோ வாங்குவதா என்கிற ஊர்ப் பெருமை. ஆனால் வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சொன்னால் செவலையின் பேச்சு வந்துவிடும்.

செவலை பன்னிரண்டு வருடங்களுக்கு முன் என்னிடம் இருந்த கோம்பை நாய். நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். செம்மண் உடம்பு, கரி பூசியதுபோல வாய். என் தாய்மாமா கொடுத்த குட்டி. பண்ணைப்புரம் பக்கம் கரட்டடியில் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப்போவேன். மற்ற ஆறு நாளும் வாசலில் சங்கிலி.

ஒரு ஞாயிறு காலை, கடலை போட்டிருந்த சமயம், வரப்போரப் புதருக்குள் நுழைந்தவன் எதையோ கவ்விக்கொண்டு வந்தான். நேராக வந்து என் காலடியில் போட்டான். கவுதாரி. கழுத்து துவண்டிருந்தது, உடம்பில் இன்னும் சூடு இருந்தது. புதரை விலக்கிப் பார்த்தேன். தரையில் சின்னப் பள்ளம், அதில் ஆறு முட்டை.

திரும்பிப் பார்த்தால் செவலை வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறான். ஏதோ சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்க்கிறான். நான் செருப்பைக் கழற்றி அடித்தேன். அவன் ஓடக்கூட இல்லை. அதற்கப்புறம் அவனைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனதே கிடையாது. இரண்டு வருடம் சங்கிலியில் கிடந்து, வருகிறவன் போகிறவன் எல்லார்மேலும் பாய்ந்து, கடைசியில் பால்காரரைக் கடித்துவைத்தான். மாமா வந்து கூட்டிக்கொண்டு போனார். போகும்போது சொன்னார்:

"அது என்ன மாப்ள கெட்டது பண்ணுச்சு? அதுக்குத் தெரிஞ்ச வேலையப் பாத்துச்சு. ஒன்னைய என்னமோ ஏமாத்திட்ட மாதிரி கட்டிப்போட்ருக்க."

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. சட்டம் என் பக்கம் இருக்கிறது என்று நினைத்தேன். 1972ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதுகூட அதில் அடக்கம். அந்தச் சட்டம் சரியென்றே இன்றும் நினைக்கிறேன். மாமா இளவட்டமாக இருந்த காலத்து வேட்டைக் கதைகளை ரசித்துக் கேட்பேன். ஆனால் அந்தக் காலம் திரும்பி வரவேண்டும் என்று எனக்கு இல்லை. அந்த ஆறு முட்டைக்கும் ஒரு கணக்கு உண்டு.

ஆனால் கேள்வி அங்கே முடியவில்லை. மனிதனுக்கும் வேட்டை நாய்க்கும் ஒரு பழைய ஒப்பந்தம் இருந்தது. நீ உழைக்கிறாய், நான் சோறு போடுகிறேன், இருவரும் சேர்ந்து காட்டுக்குப் போகிறோம். அதை நாம் முறித்தோம். முறித்ததற்கு நல்ல காரணமும் இருந்தது. எதிராளியிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவன் உடம்பு இன்னும் அந்த ஒப்பந்தப்படியே நடக்கிறது.

மகள் கேட்கிற லேப்ரடாரை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் வேட்டை நாய்தான் என்றால் எங்கள் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள். கனடாவுக்குக் கிழக்கே நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு கடலில் இறங்கிய நாய்களின் வழிவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் பிரபுக்கள் அதைத் தங்கள் துப்பாக்கிக்குத் துணையாக்கினார்கள். 1903இல் அங்குள்ள கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. சுட்டு விழுந்த வாத்தையோ காட்டுக்கோழியையோ இறகு கசங்காமல் கொண்டுவந்து கையில் கொடுப்பதுதான் அதன் வேலை. பாயிண்டர் இன்னொரு வகை. பறவை இருக்கும் இடத்தை மோப்பம் பிடித்ததும் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே உறைந்து நிற்கும். செட்டர் பதுங்கிப் படுக்கும். துப்பாக்கி பெருகுவதற்கு முன் அதன் தலைக்குமேலாக வலையை வீசிப் பறவைகளைப் பிடித்தார்களாம்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த மூன்றையும் கடைசி நொடியில் நிறுத்திக்கொள்ளத்தான் வளர்த்தெடுத்திருக்கிறார்கள். ஒன்று நிற்கிறது, ஒன்று படுக்கிறது, ஒன்று கொடுத்துவிடுகிறது. கொல்வது நாயின் பொறுப்பில் இல்லை, பின்னால் வருகிற ஆளின் பொறுப்பு. குழந்தை வாலைப் பிடித்து இழுத்தாலும் லேப்ரடார் பொறுத்துக்கொள்கிறதே, அந்தச் சாந்தத்துக்குப் பின்னால் துப்பாக்கி இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

கோம்பை அடிவாரத்தில் இருந்தவனுக்குத் துப்பாக்கி ஏது? 1878 ஆயுதச் சட்டத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. லைசென்ஸ் யாருக்குக் கிடைத்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. ஈட்டியும் தடியும் வைத்துக்கொண்டு காட்டுப்பன்றிக்கு எதிரே போகிறவனுக்கு நின்று காட்டுகிற நாய் எதற்கு? பாய்ந்து பிடித்து, விடாமல் தொங்குகிற நாய்தான் வேண்டும். ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ கன்னியோ, தெற்கத்தி நாய்கள் எல்லாமே வேலையைத் தாமே முடிக்க வேண்டியவை. செவலையின் முரட்டுத்தனம் என்று நான் சொன்னது உண்மையில் எங்கள் முன்னோர்களின் வெறுங்கை. அதைத்தான் செருப்பால் அடித்திருக்கிறேன்.

இப்போது நாட்டு நாய்களுக்கு மவுசு கூடிவிட்டது. 2005இல் ராஜபாளையத்துக்குத் தபால்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் கோம்பை, கன்னி, சிப்பிப்பாறை என்று பெயர் சொல்லிப் பேசியதும் குட்டி கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் சென்னையில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் ஒரு கோம்பை நாயை வைத்துக்கொண்டு "இனத்தைக் காப்பாத்துறோம் சார்" என்று ஒருவர் சொன்னபோது, எதைக் காப்பாற்றுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. நிறத்தையும் காதையும் காப்பாற்றலாம். அந்த நாய்க்கு காலையில் எழுந்ததும் செய்ய ஒன்றுமில்லையே.

பழக்கினால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகும், மறுக்கவில்லை. ராத்திரி தோட்டத்துக் காவல், ஆடு மாட்டோடு போய்வருவது, மோப்பம் பிடித்துத் தேடுகிற விளையாட்டு என்று அந்த உடம்பைத் திருப்பிவிட முடியும். ஆனால் பழக்குவது தினமும் ஒரு மனுசன் செய்கிற வேலை. நான் செவலைக்குக் கொடுத்தது வாரம் ஒரு ஞாயிறு. மனைவி சொல்கிற தெருநாய்க்காவது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரியும். எங்கள் தெருவில் ஒன்று இருக்கிறது, ராத்திரி ரோந்து முழுக்க அதன் கையில்தான், சம்பளம் பிஸ்கட்.

போன மாதம் மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். எழுபத்தாறு வயது, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. ஒன்று செவலையின் அச்சு. சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"எந்த நாய் வாங்கலாம்னு என்னையக் கேக்குற. அதுக்கு முன்னாடி நீ சொல்லு, காலைல அஞ்சு மணிக்கு எந்திரிப்பியா?"

"எந்திரிப்பேன் மாமா."

"தெனமுமா?"

நான் பதில் சொல்லவில்லை.

"குட்டி தாய்கிட்டதான் இருக்கு. இன்னும் ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் எந்திரிச்சுப் பாரு. அப்பறம் வா."

பதினெட்டு நாளாக எழுந்துகொண்டிருக்கிறேன். நடுவில் மூன்று நாள் தவறிவிட்டது. ஒரு நாள் மழை, இரண்டு நாள் சோம்பல். வண்டியை வரப்பில் நிறுத்திவிட்டுக் கரட்டடி வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன். கூட மகளும் இரண்டு நாள் வந்தாள். இருட்டு பிரிவதற்கு முன்னாலேயே கவுதாரி கத்த ஆரம்பித்துவிடுகிறது. "இதுதானா அப்பா?" என்று கேட்டாள். இதுதான் என்றேன். செவலையின் கதையை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.