அடைக்கலமும் பதிவேடும்

வீடு தேடி வந்தவரை வாயிலிலேயே நிறுத்தி, "நீ யார்?" என்று வினவுவதும் உண்டு, உள்ளே அமர்த்தி, தண்ணீர் தந்து, அவர் இளைப்பாறிய பின், "தாங்கள் யார்?" என்று வினவுவதும் உண்டு. வினாவின் பொருள் இரண்டிலும் ஒன்றே. ஆயினும் முன்னதற்குக் கிடைக்கும் விடையில் அச்சம் கலந்திருக்கும். நாடிழந்து வருவோரை ஒரு நாடு எவ்வாறு ஏற்றுப் பதிவு செய்தல் வேண்டும் என்று ஆராய்வார் இவ்வேறுபாட்டிலிருந்தே தொடங்குதல் நலம்.

வருபவர் யாவர் என அறியும் உரிமை நாட்டுக்கு இல்லையா என்று கேட்போர் உளர். அவ்வுரிமை உண்டு, அதில் ஐயமில்லை. அகதிக்கும் பதிவு வேண்டும். எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர் காணாமற்போனால் தேடுவார் இலர். ஆனால் எந்த அரசுக்கு அஞ்சி ஓடிவந்தாரோ, அந்த அரசிடமே கடப்பிதழ் கேட்டு வாங்கி வந்திருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது அறிவுடைமை ஆகுமா? இதனை உணர்ந்தே 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, உயிருக்கு அஞ்சி நேரே வந்து, காலந்தாழ்த்தாது தம்மை அறிவித்துக் கொள்வோரை, அனுமதியின்றி நுழைந்தமைக்காகத் தண்டித்தலாகாது என்று விதித்தது.

மலேசிய மண்ணிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. திரெங்கானுக் கரைக்கு அப்பாலுள்ள பீடோங் தீவு 1978 ஆகஸ்டில் வியட்நாமியப் படகு மக்களுக்கு முகாமாயிற்று. ஏறத்தாழ ஒரு சதுரக் கிலோமீட்டர் பரப்பே உள்ள அத்தீவில், 1979-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சுமார் 40,000 பேர் நெருக்குண்டு வாழ்ந்தனர். 1991 அக்டோபரில் முகாம் மூடப்படும் வரை ஏறக்குறைய 250,000 பேர் அதன் வழியே சென்றனர். அதே 1979-இல் பல படகுகள் கரைதொட விடாமல் கடலுக்கே இழுத்துச் செல்லப்பட்டன என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது. எனினும் அத்தீவில் நிகழ்ந்த ஒன்று போற்றத்தக்கது. முன்னர் வந்த அகதிகளே குழுக்கள் அமைத்து முகாம் வேலைகளைப் பகிர்ந்து கொண்டனர். மொழிபெயர்ப்பும் அவற்றுள் ஒன்று. கடலில் பல நாள் அலைக்கழிந்து வந்தவர் முதன்முதற் கேட்கும் சொல் தம் மொழிச் சொல்லாயின், பாதி நடுக்கம் அங்கேயே தீரும்.

மொழியறியாதார் நிரப்பும் படிவம் பெயரையே சிதைத்துவிடும். வியட்நாமியர் குடும்பப் பெயரை முதலிலும் சொந்தப் பெயரை இறுதியிலும் வைப்பர். ரோகிங்யா மக்கள் பலருக்குக் குடும்பப் பெயர் என்பதே இல்லை. ஆதலின் தந்தை பெயர் வேறு, மகன் பெயர் வேறு, உடன்பிறந்தார் பெயர்களும் வேறாக நிற்கும். படிவம் ஒரு குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும், எழுத்தர் எதையோ எழுதுவார், பின்னொரு நாள், "ஒரே குடும்பம் என்கிறீர்கள், பெயர் பொருந்தவில்லையே!" என்னும் ஐயம் எழும். பிறந்த நாள் அறியாதவர்க்கெல்லாம் சனவரி 1 எழுதப்படுவதும் இத்தகையதே. முதல் வகுப்பில் சேர வந்த குழந்தையின் பெயரைத் தவறாக எழுதிவிட்டால் அது எத்தனை ஆண்டுகள் அக்குழந்தையைத் தொடர்கிறது என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர்.

நினைவைப் பற்றியும் ஒரு சொல். ஒருவர் இருமுறை கூறியவை ஒன்றோடொன்று பொருந்தாவிடில் அவர் பொய்யர் என்பது பொதுவழக்கு. இங்கிலாந்தில் வாழ்ந்த கொசோவோ, போஸ்னியா அகதிகளை இருமுறை விசாரித்த ஓர் ஆய்வு 2002-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. அவர்களுக்குத் தங்கும் இசைவு முன்னரே கிடைத்திருந்தமையால் பொய்யுரைக்கத் தேவை இருக்கவில்லை. ஆயினும் அவர்தம் இரு கூற்றுகளிலும் வேறுபாடுகள் இருந்தன. அதிர்ச்சியுற்ற உள்ளம் அனைத்தையும் வரிசையாக அடுக்கி வைப்பதில்லை. ஆகவே, களைப்பின் நடுவே சொன்ன முதற்கூற்றைத் துலாக்கோலாக்கிப் பிற்கூற்றுகளை நிறுத்தல் முறையன்று. பெயர், உடல்நிலை, உடன் வந்தோர் ஆகியவற்றை முதலில் எழுதிக்கொண்டு, துயரக் கதையை உண்டு உறங்கிய பின் கேட்கலாம். மானக்கேடு உற்ற பெண்டிரைப் பெண் அலுவலரே கேட்டல் வேண்டும். எழுதியதை அவரவர் மொழியில் படித்துக்காட்டித் திருத்தவும் இடந்தரல் வேண்டும். இவற்றிற்குப் பெரும்பொருள் தேவையில்லை.

இனி, பதிவேட்டைக் காத்தல். தமிழில் அடைக்கலம் என்னும் சொல்லுக்குப் புகலிடம் என்பதும் பொருள். காக்குமாறு ஒப்படைக்கப்பட்டது என்பதும் பொருள். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் மாதரி என்னும் ஆயர்குல முதுமகளிடம் கண்ணகியை அடைக்கலமாகத் தந்தார். பின்னர் நேர்ந்த கேட்டிற்கு மாதரி காரணமல்லள். எனினும் அடைக்கலத்தை இழந்தேன் என்று எண்ணித் தீப்புகுந்தாள். அகதி தன் பெயரையும், கைரேகையையும், விட்டுவந்த உறவினர் ஊரையும் கூறும்போது அவையும் அடைக்கலப் பொருள்களே. வங்காளதேச முகாம்களில் திரட்டிய ரோகிங்யா மக்களின் விவரங்கள், அவர்கள் முறையாக அறிந்து ஒப்பாமலே மியன்மார் அரசின் கைக்குச் சென்றன என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2021-இல் குற்றஞ்சாட்டியது. ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையம் அதனை மறுத்தது. எவர் கூற்று சரியாயினும், யாருக்கு அஞ்சி வந்தார்களோ அவர்களிடமே பட்டியல் சேரக்கூடும் என்னும் அச்சம் ஒருமுறை பரவினால், அடுத்து வருபவர் உண்மைப் பெயரைச் சொல்ல எத்தனை முறை தயங்குவார்!

மலேசியா 1951 உடன்படிக்கையில் ஒப்பமிட்ட நாடன்று. இங்கே 2023-ஆம் ஆண்டின் இறுதியில் 180,000-க்கும் மேற்பட்டோர் அவ்வாணையத்தில் பதிவு பெற்றிருந்தனர்; பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். ஆணையத்தின் அட்டை தங்கும் உரிமையைத் தருவதன்று. ஆயினும் வழிமறிக்கும் காவலரிடம் காட்ட அது ஒன்றேனும் உண்டு. 2019 ஆகஸ்டு முதல் குடிநுழைவுத் தடுப்பு முகாம்களுக்குள் செல்ல ஆணையத்தார்க்கு இசைவு மறுக்கப்பட்டது. அதனால் அம்முகாம்களில் அடைபட்டோருள் பிழைப்புக்கு வந்தவர் யார், உயிர் பிழைக்க வந்தவர் யார் எனக் கேட்டறியும் வாய்ப்பு ஆணையத்தார்க்கு இல்லாது போயிற்று.