முதுசமும் நன்றியும்

உடுப்பிட்டியில், பெப்ரவரி 4 ஆம் திகதி மாலையில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், ஒரு காலத்தில் அவருடைய மாணாக்கராயிருந்து இப்போது தாமும் சரித்திரம் கற்பிக்கும் இளைஞர் ஒருவரும் திண்ணையில் அமர்ந்து பேசியது.

சீடன்: ஐயா, இன்று காலை நெல்லியடியிலிருந்து வரும் வழியில் அரசாங்கக் காரியாலயத்தின் வாசலில் சிங்கக் கொடியையும், அப்பால் ஒரு மின்கம்பத்தில் கறுப்புக் கொடியையும் கண்டேன். ஒரே நாள் ஒருவருக்குச் சுதந்திர தினம், மற்றவருக்குக் கரிநாள். இந்த இரண்டில் எதன் கீழ் நிற்பது என்று நேற்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. எனக்கு விடை வரவில்லை. நன்றி சொல் என்றால் 1956, 1958, 1983 ஆம் ஆண்டுகளில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரங்களை மறந்துவிடு என்று பொருளாகிறது. சொல்லாதே என்றால் அந்நியன் ஆட்சியே மேலாயிருந்தது என்று பொருளாகிறது.

குரு: இரண்டு பொருளும் வேண்டாம், தம்பி. நன்றி யாருக்கு உரியது என்பதை நிச்சயிக்காமல் அதைச் செலுத்துவதா மறுப்பதா என்று வாதிடுவதனாலேயே இந்தச் சங்கடம் பிறக்கிறது. கொழும்பில் ஆட்சி செய்வோர் நமக்குச் சுதந்திரத்தைத் தந்தனர் என்று நினைப்பவன்தான், அவர்கள் செய்த அநியாயத்தைக் கண்டவுடன் அந்தச் சுதந்திரத்தையே வெறுக்கிறான். அது அவர்கள் தந்த தானம் அன்று.

சீடன்: யார் தந்தது, ஐயா?

குரு: தந்தவர் ஒருவருமில்லை, கேட்டவர் இருந்தனர், அவர்களுள் முந்திக் கேட்டோர் இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டு வாலிபர். 1924 இல் மாணவர் காங்கிரஸ் என்று தொடங்கிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் ஆன அந்தச் சங்கம், ஹண்டி பேரின்பநாயகம் முதலியோரின் முயற்சியால், 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. பிறகு டொனமூர் அரசியல் திட்டம் வந்தபோது, ஆணும் பெண்ணும் இருபத்தொரு வயதில் வாக்களிக்கலாம் என்ற அரிய உரிமை அதிலே அடங்கியிருந்தும், பூரண சுயராச்சியம் அதில் இல்லை என்ற ஒரே காரணத்தால், 1931 ஆம் ஆண்டுத் தேர்தலை அவர்கள் பகிஷ்கரித்தனர். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, நம்முடைய பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளும் வெறுமையாகவே கிடந்தன. இலங்கைத் தீவு முழுமைக்கும் விடுதலை வேண்டும் என்று கேட்டார்களேயன்றித் தமிழனுக்கு ஒரு பங்கு தனியே வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை.

சீடன்: தெற்கே ஒருவரும் அவர்களைப் பின்பற்றவில்லையே! 1934 வரை அரசாங்க சபையில் நமக்காகப் பேச ஆளில்லாமற் போயிற்று. அந்த நஷ்டத்துக்கும் நாம் நன்றி சொல்லவேண்டுமா?

குரு: அரசியல் தந்திரம் என்ற அளவில் அது தோல்விதான், அதை நான் மறைக்கமாட்டேன். ஆயினும் தம் சொந்த லாபத்தைக் கருதாமல் முழு நாட்டுக்காகவும் நஷ்டமடையத் துணிந்த ஒரு தலைமுறை இங்கே இருந்தது என்பது எவ்வளவு பெரிய ஆஸ்தி! நம் முதுசத்தில் அதையும் எழுதிக்கொள்ளும்.

சீடன்: அந்த முதுசத்தைப் பறித்தவர்களோடு ஐக்கியம் பேசுவது எப்படி? ஐக்கியம் என்று மேடையில் முழங்குவோர் நம்மிடம் எதிர்பார்ப்பது மௌனத்தை அல்லவா?

குரு: நம் ஊரிலே பங்குக் கிணறு உண்டல்லவா? நான்கு பேருக்கு முறை வைத்து இறைக்க உரிமையுள்ள கிணற்றை வலிமையுள்ள ஒருவன் மறித்துக்கொண்டால், மற்ற மூவரும் கிணற்றைத் தூர்க்கவும் மாட்டார்கள், அதை வெட்டிய பாட்டனைச் சபிக்கவும் மாட்டார்கள்; தம் முறையைக் கேட்டு வழக்காடுவார்கள். வழக்காடுவதே பங்காளித்துவத்தை ஒப்புக்கொள்வதாகும், தம்பி. வேண்டாதவன் வழக்குக்கு வருவதில்லை. 1926 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து சமஷ்டி ஆட்சியே இத்தீவுக்குப் பொருத்தம் என்று பேசியவர் யார் தெரியுமா? பின்னாளில் பிரதமரான பண்டாரநாயக்கா. சிங்களம் மட்டும் என்ற சட்டத்தை 1956 இல் கொண்டுவந்தவரும் அவரே; மறு ஆண்டில் தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம் செய்தவரும், 1958 ஏப்ரலில் பிக்குகள் அவருடைய வீட்டு முன்றிலில் வந்து அமர்ந்து வற்புறுத்த, அதைக் கைவிட்டவரும் அவரே. நியாயம் இன்னதென்று அவர் அறிந்திருந்தார். நிலைத்து நிற்கும் திராணி அவருக்கு இல்லை. அந்த அறிவு தெற்கிலும் ஒருகாலத்தில் முளைத்தது என்பதே எனக்கு நம்பிக்கை தருகிறது.

சீடன்: இன்று தெற்கு இருக்கட்டும், நாமே பல துண்டாகியிருக்கிறோம். 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று, தெற்கின் கட்சியான தேசிய மக்கள் சக்திக்குப் போயின. அதன் பிறகு ஒரே வீட்டில் ஒருவரையொருவர் துரோகி என்று ஏசுகிறார்கள்.

குரு: வாக்கு மாறியதற்காகத் துரோகி என்பவனுக்கு வாக்குரிமையின் அருமை தெரியாது. நம் பிளவுகள் நேற்று வந்தவையும் அல்ல. பாடசாலையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாய் அமரலாம் என்று விதித்த காலத்தில் இக்குடாநாட்டில் பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தவர் வெள்ளையரா, சிங்களவரா? 1968 இல் தாழ்த்தப்பட்டோர் நுழையாதபடி மாவிட்டபுரத்துக் கோயில் வாசலை மறித்தவர் யார்? 1990 ஒக்டோபர் முடிவில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, தலைமுறை தலைமுறையாய் அவர்களோடு கொடுக்கல் வாங்கல் செய்த நாம் என்ன செய்தோம்? இதைச் சொல்லும்போது என் நெஞ்சு நடுங்குகிறது. நம் முறையை வழக்காடிக் கேட்கிற வாயால், நாம் மறித்த முறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் ஐக்கியம் என்ற சொல்லுக்கு நமக்கும் அருகதை இல்லை.

சீடன்: இவற்றையெல்லாம் வகுப்பில் சொல்லிவிடலாம், ஐயா. அந்தப் பிள்ளைக்கு மட்டும் எப்படிச் சொல்வேன்? அவளுடைய தாய்மாமன் 2009 இல் போர் முடிவில் இராணுவத்திடம் சரணடைந்தவர், இன்னமும் செய்தியில்லை. பாட்டி, மகனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரக் கொட்டகையில் இருக்கிறார்.

குரு: (சிறிது நேரம் பேசவில்லை.) அந்தப் பிள்ளையிடம் நன்றி கேட்கும் உரிமை இந்நாட்டில் எவருக்கும் கிடையாது, எனக்கும் இல்லை, உமக்கும் இல்லை. நான் இதுவரை சொன்னது நம்மைப் போன்றவர்களுக்கு. 2017 முதல், காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் வீதியில் இருந்து அரசாங்கத்திடம் கேட்பது, ஒரு பிரஜை தன் அரசிடம் கேட்கக்கூடிய கேள்விகளுள் மிகவும் நியாயமானது. 1931 இல் அந்த வாலிபர் கேட்டதன் மிகுதியைத்தான் அவர்கள் கேட்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. பாட்டியை வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லும். பேரின்பநாயகத்தைப் பற்றிய பாடத்துக்கு அடுத்த பாடமாக அதை வையும்.

சீடன்: அதிபர் சம்மதிப்பாரா, ஐயா?

குரு: கேளும். மறுத்தால் ஞாயிற்றுக்கிழமை இந்தத் திண்ணையில் நடத்துவோம். பிள்ளைகளின் தாய் தகப்பனிடம் நானே வந்து சொல்கிறேன்.